சித்தேரி மலைக்கு எத்தனை வழி? ஹெலிகாப்டரில் வந்து இறங்கும் காலாட்படையின் கதை

தர்மபுரி மாவட்டம் அரூரில் சித்தேரி பஸ் ஏறினால், கொஞ்ச தூரம் வரை சமவெளிதான். மரவள்ளி, கரும்பு, மஞ்சள் என்று வயல்கள் வந்துகொண்டே இருக்கும். பிறகு திடீரென்று வண்டியின் மூக்கு மேலே தூக்கிக்கொள்ளும். காடு இரண்டு பக்கமும் நெருங்கி வரும். டிரைவர் ஒவ்வொரு வளைவிலும் ஹாரன் அடித்துக்கொண்டே ஏற்றுவார். எதிரே இன்னொரு வண்டி வந்தால், இரண்டில் ஒன்று ஓரங்கட்டி நிற்க வேண்டும்.

மேற்கே சேர்வராயன் மலை, கிழக்கே கல்வராயன் மலை. இரண்டுக்கும் நடுவில் கிடக்கிறது சித்தேரி. கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு இது. பெயரில் ஏரி இருந்தாலும் ஏற்காடு போல படகுத்துறையோ, பூங்காவோ, கடைத்தெருவோ கிடையாது. ஆயிரம் மீட்டரைத் தாண்டும் முகடுகள், சாமையும் கேழ்வரகும் விளையும் சரிவுகள், புளிய மரங்கள், பலா மரங்கள். அறுபதுக்கும் மேற்பட்ட சிற்றூர்கள் மலை முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலும் மலையாளி பழங்குடி மக்கள். பெயரைப் பார்த்துக் கேரளத்தவர் என்று நினைத்துவிடக் கூடாது. மலையை ஆள்கிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர் அது. பேசுவது தமிழ். முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறி வந்ததாக அவர்களுடைய வாய்மொழிக் கதைகள் சொல்கின்றன.

இங்கே எந்தப் போரும் நடக்கவில்லை. ராணுவ முகாமும் இல்லை. ஆனால், ராணுவத்தைப் பற்றி அடிக்கடி எழும் ஒரு சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள இந்த மலையைவிட நல்ல கரும்பலகை கிடைக்காது. காலாட்படை, பாராசூட் படை, கமாண்டோ, ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறவர்கள் என்று பல பெயர்கள் காதில் விழுகின்றன. சினிமாவில் எல்லோரும் ஒரே மாதிரிதான் தெரிகிறார்கள். ஒரே சீருடை, ஒரே துப்பாக்கி. அப்படியானால் இவர்களுக்குள் என்ன வித்தியாசம்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சித்தேரி மலை உச்சியில் ஓர் இடத்தைப் பிடிக்க வேண்டும். படை அரூரில் நிற்கிறது. எப்படிப் போவது?

நடந்து போகிறவர்கள்

முதல் வழி, கால். காலாட்படை என்ற சொல்லிலேயே கால் இருக்கிறது. நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் பயிற்சி மையம் வைத்திருக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட் இந்த வகையைச் சேர்ந்தது. 1758-ம் ஆண்டிலிருந்து தன் வரலாற்றைக் கணக்கிடும் மூத்த ரெஜிமென்ட் அது. லாரியில் மலையடிவாரம் வரை வருவார்கள். அதற்குமேல் துப்பாக்கி, தோட்டா, தண்ணீர், சாப்பாடு, போர்வை என்று இருபத்தைந்து முப்பது கிலோவை முதுகில் ஏற்றிக்கொண்டு காட்டுக்குள் ஏறுவார்கள்.

இது மெதுவான வழி. அடிவாரத்திலிருந்து உச்சிக்கு ஒரு பகலோ, ஓர் இரவோ போய்விடும். மேலே சேரும்போது கால் கெஞ்சும். ஆனால் ஒரு பலம் உண்டு. அவர்கள் ஏறி வந்த பாதை முழுக்க அவர்கள் கையில் இருக்கிறது. பின்னால் ஆட்கள் வரலாம், தோட்டா வரலாம், காயம் பட்டவரைக் கீழே தூக்கிப் போகலாம். கீழே நிற்கும் பீரங்கி, மலைக்கு மேலே குண்டு போட்டு உதவும்.

வண்டியில் போகிறவர்கள்

இரண்டாவது வழி, கவச வண்டி. இவர்களை மெக்கனைஸ்டு இன்ஃபன்ட்ரி என்பார்கள். தமிழில் இயந்திரமயக் காலாட்படை. இந்திய ராணுவத்தில் இதற்கென்று தனி ரெஜிமென்ட் 1979-ல் உருவானது. பி.எம்.பி. என்ற சங்கிலிச் சக்கர வண்டியில் மூன்று பேர் ஓட்டவும் சுடவும் இருப்பார்கள். ஏழு வீரர்கள் பின்னால் உட்கார்ந்து வருவார்கள். வண்டியிலேயே 30 மில்லிமீட்டர் பீரங்கி இருக்கும். தண்ணீரும் தோட்டாவும் அதிலேயே வரும். ஆவடியில் தயாராகும் டாங்கிகளோடு சேர்ந்து இவர்கள் பஞ்சாப் சமவெளியிலும் ராஜஸ்தான் மணலிலும் பாய்வார்கள்.

அதே வண்டிகளைச் சித்தேரி மலைச் சாலையில் ஏற்றிப் பாருங்கள். ஒன்றன் பின் ஒன்றாகத்தான் போக முடியும். முதல் வண்டி ஒரு வளைவில் அடிபட்டு நின்றால், பின்னால் வரும் அத்தனையும் நிற்கும். ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். திரும்பக்கூட இடம் இருக்காது. சமவெளியில் யானை பலம் கொண்ட படை, ஒற்றைச் சாலை மலையில் சாலைக்கே கைதியாகிவிடும்.

குதிக்கிறவர்கள்

மூன்றாவது, பாராசூட். விமானம் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்து, சில நூறு மீட்டர் உயரத்தில் வீரர்களை உதறிவிட்டுப் போகும். மற்ற படைகள் நினைத்துப் பார்க்க முடியாத தூரத்துக்கு இவர்களால் போக முடியும். அதற்குத் தனிப் பயிற்சி வேண்டும். ஆக்ராவில் உள்ள பயிற்சிப் பள்ளியில் குதித்துக் குதித்துத்தான் மார்பில் அந்தச் சிறகுச் சின்னத்தைப் பெறுகிறார்கள்.

காற்று அடித்தால் ஆளுக்கொரு திசையில் விழுவார்கள். சித்தேரி போன்ற மலையில் ஒருவர் புளிய மரத்தில், ஒருவர் ஓடையில், ஒருவர் அடுத்த மலைச் சரிவில் என்று இறங்க நேரிடும். ஒன்று கூடுவதற்கே மணிக்கணக்கில் ஆகலாம். விமானம் திரும்ப வந்து அவர்களை ஏற்றிப்போகவும் முடியாது. பாராசூட் ஒரு வழிப் பயணச்சீட்டு.

ஹெலிகாப்டரில் இறங்குகிறவர்கள்

நான்காவது வழிதான் நம் கதை. ஏர் அசால்ட் இன்ஃபன்ட்ரி. வான்வழித் தாக்குதல் காலாட்படை என்று சொல்லலாம். அரூரில் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் மலைக்கு மேலே. சாலையும் வேண்டாம், வளைவும் வேண்டாம். பத்து, இருபது பேர் கொண்ட குழு, தன் தலைவரோடு, தன் துப்பாக்கிகளோடு, ஒரே இடத்தில் காலை வைக்கும். இறங்கிய நிமிடமே சண்டைக்குத் தயார். குதிக்கும் பயிற்சி தேவையில்லை. வேலை முடிந்தால் அதே ஹெலிகாப்டர் திரும்ப வந்து, அடுத்த மலைக்கு எடுத்துப் போகலாம்.

கமாண்டோக்களும் ஹெலிகாப்டரில்தான் போகிறார்கள். ஆனால் கமாண்டோவின் வேலை வேறு. சில பேர் போவார்கள், அடிப்பார்கள், விடிவதற்குள் திரும்பி வருவார்கள். ஏர் அசால்ட் என்பது நூற்றுக்கணக்கான பேர் கொண்ட முழு பட்டாலியனோ, அதற்கும் மேலோ போய் ஓர் இடத்தைப் பிடித்து, அங்கேயே உட்கார்ந்துவிடுவது. பிடிப்பது பாதி வேலை. விடாமல் வைத்திருப்பது மீதி வேலை.

அந்த மீதி வேலையில்தான் சிக்கல் இருக்கிறது. இன்னொரு சின்னக் கணக்கு. பட்டாலியனில் 600 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு எம்.ஐ-8 ஹெலிகாப்டரில் அதிகபட்சம் 24 பேர். ஆறு ஹெலிகாப்டர்கள் இருந்தால், ஒரு நடையில் 144 பேர். எல்லோரும் மேலே போக ஐந்து நடை வேண்டும். அரூருக்கும் சித்தேரிக்கும் இடையே போய், இறக்கி, திரும்பி, ஏற்றிப் புறப்பட அரை மணி நேரம் என்றாலும், முதலில் இறங்கிய 144 பேர் அந்த அரை மணி நேரமும் தனியாகத்தான் நிற்க வேண்டும். கடைசி ஆள் இறங்க இரண்டு மணி நேரம் ஆகிவிடும். இடையில் இரண்டு ஹெலிகாப்டர்கள் அடிபட்டால் கணக்கு மொத்தமும் மாறிவிடும்.

இறங்கவும் இடம் வேண்டும். எம்.ஐ-17 ஹெலிகாப்டரின் சுழலும் இறக்கை மட்டும் 21 மீட்டர் அகலம். சுற்றிலும் மரம் இருக்கக் கூடாது, மின்கம்பி இருக்கக் கூடாது, தரை ரொம்பச் சரிவாக இருக்கக் கூடாது. சித்தேரி போன்ற மலையில் அப்படிப்பட்ட இடங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பள்ளி மைதானம், அறுவடை முடிந்த சாமைக் காடு, அவ்வளவுதான். எங்கே இறங்குவார்கள் என்று நமக்குத் தெரிந்தால், காத்திருக்கும் எதிரிக்கும் தெரியும்.

அப்புறம் வானிலை. மலை மேகம் யாருக்கும் கட்டுப்படாது. 2021 டிசம்பர் 8 அன்று கோவை சூலூரிலிருந்து வெலிங்டனுக்குப் புறப்பட்ட எம்.ஐ-17 வி5 ஹெலிகாப்டர், குன்னூர் அருகே மேகத்துக்குள் சிக்கி விழுந்தது. முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், அவருடைய மனைவி உட்பட அதில் இருந்த 14 பேரும் உயிரிழந்தனர். யாரும் சுடவில்லை. எதிர்பாராமல் மாறிய வானிலையே காரணம் என்று விசாரணை சொன்னது.

எல்லாவற்றையும்விடப் பெரிய சிக்கல், எடை. ஹெலிகாப்டர் எதைத் தூக்குமோ அதுதான் அவர்களுடைய ஆயுதம். டி-72 டாங்கியின் எடை 40 டன்னுக்கு மேல். அதை எந்த ஹெலிகாப்டரும் தூக்காது. சினூக் போன்ற பெரிய ஹெலிகாப்டர் வந்தபிறகு, நாலு டன் சொச்சம் எடையுள்ள எம்-777 பீரங்கியை வயிற்றுக்கடியில் கயிற்றில் தொங்கவிட்டுக் கொண்டுபோக முடிகிறது. சினூக் இந்திய விமானப்படைக்கு 2019-ல்தான் வந்தது. அதற்கு முன்பெல்லாம் பெரும்பாலும் இயந்திரத் துப்பாக்கியும் சிறிய மோர்ட்டாரும்தான். தோட்டாவும் தண்ணீரும் இரண்டு மூன்று நாளைக்கு. அதற்குள் தரைவழியே வரும் படை அவர்களோடு கைகோத்தாக வேண்டும்.

வேகமாகப் போய்ச் சேருகிறவர்களுக்குப் பின்னால் வழி கிடையாது. மற்ற தரைப்படைகளிலிருந்து இவர்களைப் பிரிக்கும் கோடு இதுதான். மண்ணில் கால் வைத்த பிறகு இவர்களும் சாதாரணக் காலாட்படைதான். ஆனால் நடந்து வந்தவருக்குப் பின்னால் பாதை இருக்கும். இவர்களுக்குப் பின்னால் வானம்தான் இருக்கும்.

48 மணி நேரம் ஒன்பது நாள் ஆன கதை

ஹெலிகாப்டரையே குதிரை போலப் பயன்படுத்தும் ஒரு டிவிஷனை அமெரிக்கா 1963-லிருந்து ஃபோர்ட் பென்னிங்கில் சோதித்துப் பார்த்தது. 1965-ல் அது முதல் கேவல்ரி டிவிஷன் என்ற பெயரோடு வியட்நாமுக்குப் போனது. அந்த நவம்பரில் யா டிராங் பள்ளத்தாக்கில் சுமார் 450 பேர் கொண்ட ஒரு பட்டாலியன் ஹெலிகாப்டர்களில் தவணை தவணையாக இறங்கியது. எல்லோரும் வந்து சேர்வதற்கு முன்பே சண்டை தொடங்கிவிட்டது. விமானக் குண்டுவீச்சும் தொலைவிலிருந்து சுட்ட பீரங்கியும் இருந்ததால்தான் அவர்களால் தாக்குப்பிடிக்க முடிந்தது.

இந்தியாவுக்கு அந்த நாள் 1971 டிசம்பர் 7-ல் வந்தது. வங்கதேச விடுதலைப் போர். 4/5 கூர்க்கா ரைஃபிள்ஸ் பட்டாலியனை எம்.ஐ-4 ஹெலிகாப்டர்களில் ஏற்றி, சில்ஹெட் நகரின் ஓரத்தில் இறக்கினார்கள். இந்திய ராணுவத்தின் முதல் ஹெலிகாப்டர் தாக்குதல் அது. முந்தைய சண்டைகளில் ஆட்களை இழந்து, 500 பேருக்கும் குறைவாக இருந்த பட்டாலியன். 48 மணி நேரத்தில் தரைவழிப் படை வந்து சேரும் என்பது அவர்களுக்குச் சொல்லப்பட்ட கணக்கு.

48 மணி நேரம் கடந்தது. யாரும் வரவில்லை. சாப்பாடும் தோட்டாவும் கரைந்தன. எதிரே பல மடங்கு படை. அப்போது ஒரு வேடிக்கை நடந்தது. சில்ஹெட்டில் ஒரு பிரிகேடே இறங்கிவிட்டது என்று பி.பி.சி. வானொலி செய்தி சொன்னது. பிரிகேட் என்றால் மூன்று பட்டாலியன்கள். அந்தச் செய்தியை எதிரியும் கேட்டிருப்பான் என்று கூர்க்காக்கள் புரிந்துகொண்டார்கள். பரவலாகப் பிரிந்து நின்று, பெரிய படை போலவே நடித்தார்கள். இந்திய விமானப்படையும் கைகொடுத்தது. ஒன்பதாவது நாளில் அங்கிருந்த பாகிஸ்தான் படை சரணடைந்தது. ஆயிரக்கணக்கில் வீரர்கள் கையை உயர்த்தி வந்தபோதுதான், எத்தனை பேருக்கு எதிரே நின்றிருக்கிறோம் என்பது கூர்க்காக்களுக்கே தெரிந்தது.

அதே போரில் டிசம்பர் 9 அன்று மேக்னா ஆறு குறுக்கே வந்தது. ஆஷுகஞ்ச் பாலத்தைப் பாகிஸ்தான் படை தகர்த்துவிட்டது. நான்காவது கோர் தளபதி சகத் சிங், சுமார் ஒரு டஜன் எம்.ஐ-4 ஹெலிகாப்டர்களை வைத்து, வீரர்களை ஆற்றுக்கு அந்தப் பக்கம் ராய்ப்புராவில் இறக்கத் தொடங்கினார். இரவும் பகலும் நடை நடையாகப் பறந்தார்கள். இந்த முறை இன்னொன்றும் நடந்தது. கிடைத்த படகுகளிலும் வீரர்கள் ஆற்றைக் கடந்தார்கள். ஆக, வானில் வந்தவர்களுக்குப் பின்னால் தண்ணீரில் ஒரு பாதை உருவானது. ஒரே வாரத்தில் டாக்கா விழுந்தது.

அதே டிசம்பர் 11-ல் டாங்கைலில் இரண்டாவது பாரா பட்டாலியன் குதித்தது. சுமார் 700 பேர். பூங்லி பாலத்தைப் பிடிப்பது வேலை. மறுநாள் மாலையே மராத்தா காலாட்படை தரைவழியே வந்து அவர்களோடு கைகுலுக்கியது. குதித்தவர்களின் வீரத்துக்கு எந்த வகையிலும் குறையாதது, நேரத்துக்கு வந்து சேர்ந்த அந்தக் கால்களின் வேலை.

யாழ்ப்பாணத்து மைதானம்

தமிழ் வாசகர்களுக்கு மிக அருகில் நடந்த கதை வேறு. பாக் நீரிணைக்கு அந்தப் பக்கம், திருநெல்வேலியில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் நெல்லை அல்ல, யாழ்ப்பாண நகரை ஒட்டிய திருநெல்வேலி. பக்கத்தில் கொக்குவில்.

1987 அக்டோபர் 11 நள்ளிரவு. இந்திய அமைதிப்படைக்கும் விடுதலைப் புலிகளுக்கும் சண்டை தொடங்கியிருந்தது. பல்கலைக்கழக வட்டாரத்தில் இருந்த புலிகளின் தலைமையைத் திடீரென்று போய்ப் பிடித்துவிடுவது திட்டம். பலாலி விமானதளத்திலிருந்து பல்கலைக்கழக மைதானம் ஹெலிகாப்டருக்கு ஐந்தாறு நிமிடப் பறப்பு. பத்தாவது பாரா கமாண்டோ முதலில் இறங்கி மைதானத்தைப் பிடிக்க வேண்டும். பின்னால் 13-வது சீக்கிய லைட் இன்ஃபன்ட்ரி இறங்க வேண்டும். மீதிப் படை தரைவழியே வந்து சேர வேண்டும்.

வானொலிப் பேச்சை ஒட்டுக்கேட்டு, புலிகள் முன்பே காத்திருந்தார்கள். எம்.ஐ-8 ஹெலிகாப்டர்கள் மைதானத்துக்கு மேலே வந்தபோது சுற்றியிருந்த கட்டடங்களிலிருந்து குண்டுகள் பாய்ந்தன. விளக்கில்லாமல், இருட்டில், சுடப்பட்டுக்கொண்டே இறக்கினார்கள். சுமார் நூறு கமாண்டோக்கள் இறங்கிவிட்டார்கள். சீக்கியப் படையில் 30 பேர் இறங்கினார்கள். அதற்குள் ஹெலிகாப்டர்கள் பலத்த சேதம் அடைந்திருந்தன. அடுத்த நடை நிறுத்தப்பட்டது.

முதலில் போட்ட கணக்கை இங்கே நினைத்துப் பார்க்கலாம். ஐந்து நடை வேண்டிய இடத்தில் நடை நின்றுபோனால், இறங்கியவர்கள்தான் மொத்தப் படை. கமாண்டோக்கள் தேடலுக்காக வீடுகளுக்கு நடுவே நகர்ந்து, அங்கேயே சுற்றி வளைக்கப்பட்டார்கள். சீக்கிய வீரர்கள், பின்னால் வரப்போகும் தங்கள் ஆட்களுக்காக மைதானத்தைக் காத்து நின்றார்கள். அவர்களுடைய வானொலிக்காரர் தொடக்கத்திலேயே வீழ்ந்ததால், யாரும் வரப்போவதில்லை என்ற செய்தியைச் சொல்லக்கூட வழி இல்லை. விடிந்து வெகுநேரம் வரை சுட்டுக்கொண்டிருந்தார்கள். தோட்டா தீர்ந்தது. 30 பேரில் 29 பேர் இறந்தார்கள். ஒருவர் சிறைபிடிக்கப்பட்டார்.

கமாண்டோக்களை மீட்டது எது தெரியுமா? டாங்கி. தெருக்களில் கண்ணிவெடி இருக்கும் என்பதால், டி-72 டாங்கிகளை ரயில் பாதையின் மேலேயே ஓட்டிக்கொண்டு போனார்கள். இரும்புப் பாதை வழியே மெதுவாக ஊர்ந்துபோன 40 டன் வண்டிதான், ஐந்தாறு நிமிடத்தில் பறந்து போனவர்களைத் திரும்ப அழைத்து வந்தது. அதற்குள் கமாண்டோக்களிலும் ஆறு பேர் இறந்திருந்தார்கள்.

யாழ்ப்பாணத்தைப் பிடிக்க மேலும் இரண்டு வாரம் ஆனது. எறிகணைக்கும் துப்பாக்கிக்கும் நடுவே மாட்டிக்கொண்ட மக்கள் ஏராளமாக இறந்தார்கள். அந்தத் தீபாவளி நாளில் யாழ்ப்பாண மருத்துவமனைக்குள்ளேயே நோயாளிகளும் மருத்துவர்களும் தாதியரும் கொல்லப்பட்டதை அந்த ஊர் இன்றும் மறக்கவில்லை. படைகளைப் பற்றிப் படிக்கும்போது பட்டாலியன் எண்களோடு இதையும் சேர்த்தே படிக்க வேண்டும். எந்தப் படை எந்த வழியில் வந்தாலும், போய் இறங்குவது யாரோ ஒருவருடைய ஊரில்தான்.

இந்தப் பாடம் பழையதாகிவிடவில்லை. 2022 பிப்ரவரி 24 அன்று, ரஷ்யப் படை ஹெலிகாப்டர்களில் வந்து கீவ் நகருக்கு அருகே ஹோஸ்டோமெல் விமான நிலையத்தில் இறங்கியது. ஓடுதளத்தைப் பிடித்து வைத்தால் பெரிய விமானங்களில் மீதிப் படை வரும் என்பது திட்டம். உக்ரைன் படை அந்த ஓடுதளத்தையே பீரங்கியால் அடித்துக் குழியாக்கியது. பெரிய விமானங்கள் வரவில்லை. பிற்பாடு தரைவழிப் படை வந்து விமான நிலையத்தைப் பிடித்தாலும், கீவை ஒரே அடியில் விழுத்தும் வாய்ப்பு போய்விட்டது.

வெற்றி பெற்ற உதாரணமும் உண்டு. 1991 வளைகுடாப் போரில் அமெரிக்காவின் 101-வது டிவிஷன் ஈராக்குக்குள் 150 கிலோமீட்டர் உள்ளே போய்ப் பாலைவனத்தில் இறங்கியது. கையோடு எரிபொருளையும் பீரங்கியையும் ஹெலிகாப்டரிலேயே கொண்டுபோய், அங்கே ஒரு தளத்தையே உருவாக்கியது. தரையில் லாரிகளும் அவர்களை நோக்கி ஓடின. அந்த டிவிஷனுக்கு நூற்றுக்கணக்கான ஹெலிகாப்டர்கள் சொந்தம். இந்தியாவில் பெரிய ஹெலிகாப்டர்கள் விமானப்படையிடம் இருக்கின்றன. ராணுவத்தின் சொந்த விமானப் பிரிவு 1986-ல்தான் உருவானது. ஏறுகிறவரும் ஏற்றுகிறவரும் ஒரே அதிகாரியின் கீழ் சேர்ந்து பழகினால்தான் ஏர் அசால்ட் உருப்படும் என்பதைச் சில்ஹெட்டும் சொல்கிறது, யாழ்ப்பாணமும் சொல்கிறது.

மலைக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்

சித்தேரி மக்களிடம் இதையெல்லாம் விளக்க வேண்டிய அவசியமே இல்லை. வழி இல்லாத ஊரில் இருப்பது என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரியும். சித்தேரி ஊராட்சியைச் சேர்ந்த கலசப்பாடி, அரசநத்தம் போன்ற ஊர்கள் சரியான சாலை கேட்டுப் பல ஆண்டுகள் மனு கொடுத்தவை. வாகனம் வராத இடத்தில் பிரசவ வலி வந்தாலோ, பாம்பு கடித்தாலோ, தொட்டில் கட்டித் தோளில் சுமந்துதான் இறக்க வேண்டும். நாலு பேர் சுமக்க, நாலு பேர் மாற்றுக்கு நடக்க, ஒருவர் முன்னால் விளக்குப் பிடிக்க வேண்டும். காட்டுப் பாதையைத் தார்ச்சாலையாக்க வனத்துறையின் அனுமதியும் வேண்டும். கோரிக்கைகள் இழுத்துக்கொண்டே போக அதுவும் ஒரு காரணம்.

அந்த ஊர்களுக்கு ஏறும் பாதை வாச்சாத்திப் பக்கமிருந்து தொடங்குகிறது. மலையடிவாரத்து ஊரான வாச்சாத்தியின் பெயரை அறியாத தமிழர் குறைவு. 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கடத்தல் தேடல் என்ற பெயரில் வனத்துறையினரும் போலீஸாரும் வருவாய்த்துறையினரும் அங்கே நடத்திய கொடுமைக்கு, 2011-ல் தர்மபுரி நீதிமன்றம் 200-க்கும் மேற்பட்டவர்களுக்குத் தண்டனை விதித்தது. 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. அன்று அந்த ஊருக்குச் சீருடை வர வழி இருந்தது. நீதி வர 19 ஆண்டுகள் ஆயின.

சித்தேரிக்குப் போக நினைக்கிறவர்கள் அரூரில் தங்கிக்கொள்வது வசதி. ரயிலில் வருகிறவர்களுக்கு மொரப்பூர் பக்கம். மழை முடிந்த மாதங்களில் மலை பச்சையாக இருக்கும். காலை நேரத்தில் மூடுபனி இறங்கி, எதிர்ச் சரிவே தெரியாது. வழியில் இறங்கிக் காட்டுக்குள் நுழைய வனத்துறை அனுமதி வேண்டும். சொந்த வண்டியில் போகிறவர்கள் பெட்ரோலை அரூரிலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. பிளாஸ்டிக் பாட்டிலை மலையில் வீசாமல் கீழே எடுத்து வாருங்கள். அடிவாரத்தில் வள்ளிமதுரை வரட்டாறு அணையையும் பார்க்கலாம். சித்தேரி மலையில் பெய்யும் மழைதான் அங்கே வந்து தேங்குகிறது.

மேலே போய் ஒரு சமதரையில் நின்றால், ஹெலிகாப்டர் ஒன்று இறங்க இது போதுமா என்று கண் தானாக அளக்கத் தொடங்கும். மரம் இருக்கிறதா, கம்பி போகிறதா, சரிவு எப்படி என்று பார்க்கும். அப்படியே திரும்பி, வந்த சாலையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அதில் மூச்சு வாங்கிக்கொண்டு ஏறிவரும் அந்த பஸ், உர மூட்டையும் கொண்டுவருகிறது, பள்ளிப் பிள்ளையையும் கொண்டுவருகிறது. சாயங்காலம் உடம்பு சரியில்லாதவரை அரூர் ஆஸ்பத்திரிக்குக் கீழே இறக்கியும் விடுகிறது.